தானாக விழும் பூட்டு

“லாத்தா, திருடனுக்குக் கதவ தொறந்துவிடுற ஆள மடக்கிட்டேன். என் வேலை தப்பிச்சுச்சுன்னு உம்மாகிட்ட சொல்லு.”

யூசுப் போனிடம் பேசப் பேச, அது எழுத்தாகி கீழக்கரையிலிருக்கும் அக்காவுக்குப் பறந்தது.

பினாங்குக்கு வந்து அவன் எழுதிய முதல் ப்ரோகிராம், ஆயர் ஈத்தாமில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் சாமான் அறைப் பூட்டு. கார்டு காட்டினால் திறக்கும். அதை மாட்டிய வாரத்திலிருந்தே முந்திரியும் திராட்சையும் பாக்கெட் பாக்கெட்டாகக் காணாமல் போயின. தப்பு பூட்டில் என்றால் வேலை போகும். வேலை போனால் பெர்மிட்டும் போகும்.

கடையின் பின்சந்தில், அந்தக் கதவுக்கு எதிரே முதலாளி அப்துல் காதரும் சமையல்காரர் ஷஃபீக்கும் நின்றார்கள்.

“கூட்ட நேரத்துல எதுவும் போகல அண்ணே. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கடை ஈயாடுறப்பதான் போகுது. அப்ப கடைசியா கார்டு காட்டுனது ஷஃபீக் அண்ணன்தான்,” என்றான் யூசுப்.

“பிரியாணிக்கு முந்திரி எடுத்தேன் லா! எடுத்துட்டு வந்துட்டேன்!”

“வரும்போது பூட்டுனியா?” என்றார் காதர்.

“அதான் தானா பூட்டிக்கும்னு இந்தத் தம்பி சொல்லுச்சே! மக நிக்காஹ வச்சுக்கிட்டு நான் திருடுவேனா அண்ணே?”

“தானாத்தான் பூட்டும்,” என்றான் யூசுப். “ப்ரோகிராம் அந்த வேலைய முடிச்சு நகர்ந்ததும், தொறந்தத அத எழுதுன கம்ப்யூட்டர் மொழியே மூடிடும். காலேஜ்ல முதல் வருசப் பாடம்.”

காதர் போலீசுக்கு எண்களை அழுத்தத் தொடங்கினார். “எதுக்கும் ஒரு தடவ செஞ்சு காட்டு தம்பி.”

யூசுப் தன் கார்டைக் காட்டினான். உள்ளே போனான், வந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. “இனி யானை முட்டினாலும் தொறக்காது.”

யானை வரவில்லை. மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று மதிலைத் தாண்டிக் குதித்து, பழகிய வாடிக்கையாளர் போல ஒற்றைக் கையால் கதவைத் தள்ளி உள்ளே போனது. முந்திரிப் பாக்கெட்டோடு வெளியே வந்தது.

யூசுப்புக்கு அப்போதுதான் உறைத்தது. காலேஜில் படித்த மொழி, வேலை முடிந்த கையோடு மூடிவிட்டுப் போகும். இங்கே அவன் எழுதியது வேறு மொழி. அதில் முடிந்த வேலைகளை மூடிக் கூட்டிப் பெருக்க, துப்புரவாளர் என்று ஒரு தனி ப்ரோகிராம். முடிந்த வேலைகளின் குப்பை நிறைந்தால்தான் அவர் எழுந்து வருவார். கூட்ட நேரத்தில் கார்டு காட்டக் காட்ட, குப்பை சேர்ந்து பூட்டும் விழுந்தது. ஆளில்லாத மத்தியானத்தில் துப்புரவாளருக்குத் தூக்கம். ‘பூட்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

காதர் போனை இறக்கினார். ஷஃபீக் மெதுவாகக் கேட்டார்: “இப்ப கடைசியா கார்டு காட்டுனது யாரு தம்பி?”

யூசுப்பின் போன் அதிர்ந்தது. அக்கா: ‘கதவ தொறந்துவிட்ட அந்தக் களவாணி மூஞ்சிய ஒரு போட்டோ அனுப்பு, உம்மா பாக்கணுமாம்.’

யூசுப் கேமராவைத் தன் பக்கம் திருப்பினான்.