கேதீஸ்வரி நிறுத்திய கோடுகள்

அன்று இறங்குதுறையில் நின்றவர்கள் ஆறு பேர். பொறியியலாளர் துஷ்யந்தன். சுழியோடிகள் பிரதாபன், இன்னாசித்தம்பி, வல்லிபுரம். அவர்களுக்குக் காற்று அனுப்பும் மெசினைப் பார்க்கும் கனகசபை. கொட்டிலுக்குள் வெள்ளைப் பலகைக்கு முன்னால் கேதீஸ்வரி.

சுழியோடி மார்க்கண்டு உயிரோடு இருந்திருந்தால் ஏழு.

நயினாதீவில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு புது இறங்குதுறை கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் இறங்கித் தூண்களுக்கு அடி போடுவது சுழியோடிகளின் வேலை. யார் எந்தெந்த நாள் இறங்குவது என்பதைக் கேதீஸ்வரி பலகையில் கால அட்டவணையாகப் போட்டிருந்தாள். மேலே திகதிகள். கீழே ஆளுக்கொரு நீலக்கோடு.

காலையில் பலகையை முதலில் பார்த்தவன் பிரதாபன். பார்த்ததும் காற்றுக்குழாயைக் கீழே போட்டான்.

“சேர், நான் இண்டைக்கு இறங்கேல்லை.”

“ஏன்?”

“என்ர கோடு நேற்றோட நிக்குது.”

இன்னாசித்தம்பி எட்டிப் பார்த்தான். அவனுடைய கோடும் நேற்றோடு நின்றிருந்தது. வல்லிபுரத்தின் கோடும் அப்படியே.

மூன்று பேரும் கடலைப் பார்த்தார்கள். காற்று இல்லை. எண்ணெய் ஊற்றியதுபோலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மூன்றாம் தூணடியில் மட்டும் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன.

“கனகசபை அண்ணை, மெசின் ஓடுதோ?”

“நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லையடா.”

மார்க்கண்டு கடைசியாக இறங்கியது அந்தத் தூணடியில்தான். இன்னாசித்தம்பி சிலுவை போட்டுக்கொண்டான்.

துஷ்யந்தனுக்குக் கோபம் வந்தது.

“பலகையில ஒரு கோடு நிண்டதுக்கு மூண்டு ஆம்பிளையள் நடுங்கிறீங்களோ? இறங்காதவர் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்.”

“போன மாசம் மார்க்கண்டு அண்ணையின்ர கோடும் செவ்வாயோட நிண்டது சேர்,” என்றான் வல்லிபுரம். “நீங்கள் அதை அழிச்சு வெள்ளி வரைக்கும் நீட்டினீங்கள். புதன்கிழமை மேல வந்து குந்தினவர், தேத்தண்ணி கேட்டவர். கோப்பையைக் கையில வாங்க முதல் ஆள் முடிஞ்சுது.”

“அது நெஞ்சு வருத்தம்.”

“அப்ப அந்தப் பெட்டைக்கு எப்பிடி முதலே தெரியும்?”

“நீங்கள் நீட்டியும் ஆள் நிக்கேல்லையே சேர்,” என்றான் பிரதாபன். “அவள் நிப்பாட்டினால் நிப்பாட்டினதுதான். என்ர பிள்ளைக்கு இப்பதான் ஒரு வயசு. வேலை போனாலும் பரவாயில்லை.”

“சூனியக்காரி ஒருத்தியோட இவ்வளவு நாளும் ஒரே படகில வந்து போயிருக்கிறம்,” என்றான் வல்லிபுரம்.

“மெதுவாய்ச் சொல்லடா. உன்ர கோட்டை முந்தநாளுக்கு இழுத்துப் போடுவாள்,” என்றான் இன்னாசித்தம்பி.

ஒருவரும் சிரிக்கவில்லை.

துஷ்யந்தன் கொட்டில் பக்கம் திரும்பினான்.

“கேதீஸ்வரி! இவங்கட கோடுகளை வெள்ளி வரைக்கும் நீட்டும். எல்லாருக்கும் முன்னால நீட்டும்.”

கேதீஸ்வரி வாசலுக்கு வந்தாள். கையில் மார்க்கர் பேனை இருந்தது.

“ஏலாது சேர்.”

“ஏன் ஏலாது?”

அவள் மூன்று பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

“வெள்ளி வரைக்கும் இவை ஒருத்தரும் எனக்குத் தண்ணிக்குள்ள தெரியேல்லை. சனிக்கிழமை தொடங்கித்தான் தெரியினம்.”

அதற்குமேல் யாரும் நிற்கவில்லை. சுழியோடிகள் மூன்று பேரும் பனையடிக்குப் போனார்கள். துவாயை விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரிடமிருந்தும் குறட்டை கேட்டது.

துஷ்யந்தன் கொட்டிலுக்குள் வந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“என்ன விளையாட்டு இது? படிச்ச பிள்ளை நீர்.”

கேதீஸ்வரி பேனையை மூடினாள்.

“மார்க்கண்டு அண்ணை படி ஏறேக்க நெஞ்சைப் பிடிச்சவர் சேர். அவருக்கு ஓய்வு வேணுமெண்டுதான் கோட்டை நிப்பாட்டினனான். உங்களிட்டைச் சொன்னனான். வேலை பிந்தும் எண்டு அழிச்சு நீட்டினீங்கள். அவரிட்டையும் சொன்னனான். ‘எனக்கென்ன வருத்தம் பிள்ளை’ எண்டு சிரிச்சவர்.”

துஷ்யந்தன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இவையும் பதினொரு நாளாய் விடாமல் இறங்கினவை. பிரதாபன் அண்ணைக்கு நேற்று மூக்கால இரத்தம் வந்தது. துடைச்சுப்போட்டுத் திருப்பியும் இறங்கினவர். ஓய்வெண்டு சொன்னால் நீங்களும் கேக்க மாட்டியள், அவையும் கேக்க மாட்டினம். சாவெண்டு நினைச்சால் கேப்பினம்.”

“அவங்கள் உம்மை என்ன சொல்லுறாங்கள் எண்டு தெரியுமோ?”

“கேட்டது சேர்.”

“போய் உள்ளதைச் சொல்லுவமே?”

“சொன்னால் பின்னேரமே இறங்கிவிடுவினம்.”

துஷ்யந்தன் பலகை அழிக்கும் துணியை எடுத்தான். ஒரு கணம் கையில் வைத்திருந்தான். பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

பின்னேரம் வேலையாட்களை அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்கு ஏற்றிப்போகும் படகு வந்தது. கேதீஸ்வரி ஏறி நடு வாங்குப் பலகையில் இருந்தாள். பிறகு ஏறிய சுழியோடிகள் மூன்று பேரும் அவளைக் கண்டதும் விலகி, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை சேரும்வரை நின்றபடியே வந்தார்கள்.

மார்க்கண்டுவின் இடத்தோடு, அவளைச் சுற்றி ஆளில்லாமல் மிஞ்சிய இடங்கள் நாலு.