மூன்றாவது பஞ்சர்

மூன்று நாற்பதுக்கு இரண்டாவது பஞ்சர்.

கண்டக்டர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒருமுறை ஊதினான். இருபத்தாறு வருடமாகப் பேருந்தில் ஊதுகிற விசில். நண்பர்களோடு சைக்கிளில் போகும்போதும் கழற்ற மாட்டான். ஓர் ஊதல் என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் கிளம்ப வேண்டும்.

"இன்ஜின், உன் வண்டிக்கு மட்டும் தனியா முள்ளு ரோடு போட்டிருக்காங்களாடா?"

இன்ஜின் சிரித்தான். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் ஆகிறது. மேட்டில் அவன்தான் முன்னால் போவான். எதிர்க்காற்றை அவன் நெஞ்சு வாங்கிக்கொள்ளும். மற்ற இருவரும் ரயில்பெட்டி மாதிரி அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார்கள். வருடத்துக்கு ஒரு சனி, ஞாயிறு. மலைமேல் ஏரிக்கரையில் கூடாரம். மறுநாள் முழுக்க இறக்கம்.

இன்றைக்குக் காலையிலிருந்து அவன்தான் கடைசி.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் தனியாக வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்ஜின் மைல்கல்லில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். வலது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக அழுக்கு.

வால்வுக்குள் இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்தினால் போதும். கொஞ்ச நேரத்தில் டயர் சப்பென்று ஆகிவிடும். காலையில் பாலத்தருகே ஒருமுறை செய்தான். இப்போது, மற்ற இருவரும் புதர்ப் பக்கம் ஒதுங்கியபோது.

பஞ்சர் ஒட்ட இருபது நிமிடம் ஆகும். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது அதற்குள் இறங்கிவிடும்.

திங்கட்கிழமை அந்த நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள்.

மனைவிக்கு அது தெரியும். சைக்கிளில் போவது தெரியாது. ஏரிக்குக் காரில் போகிறோம் என்று சொல்லியிருந்தான். அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் சைக்கிளை மாடியிலிருந்து இறக்கினான். இறக்கிவிட்டு, படிக்கட்டிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான்.

இவர்களுக்கு எதுவுமே தெரியாது.

சொன்னால் இப்படியே திரும்பிவிடுவார்கள். கண்டக்டர் எங்கிருந்தாவது ஒரு வேனைப் பிடித்துவிடுவான். அப்புறம் ஒரு பையைத் தூக்கக்கூட விடமாட்டார்கள். பேசும்போது குரலைத் தணிப்பார்கள். இன்னும் ஒன்பது கிலோமீட்டர். இந்த ஒரு மேட்டை இன்ஜினாக ஏறிவிட்டால் போதும். திங்கட்கிழமை யார் வேண்டுமானாலும் அவனைப் படுக்க வைத்துக்கொள்ளட்டும்.

மெக்கானிக் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ட்யூபை அமுக்கினான்.

"டேய், டீ போடுற பாத்திரம்டா அது" என்றான் கண்டக்டர்.

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. வழக்கமாக, குமிழி வந்த இடம் கிடைத்ததும் "மாட்டுச்சு" என்பான். பேனாவால் வட்டம் போடுவான். டயருக்குள் விரலைவிட்டுத் துழாவி முள்ளை எடுத்து, மீன் பிடித்தவன் மாதிரி எல்லோருக்கும் காட்டுவான்.

ட்யூப் தண்ணீருக்குள் ஒரு முழுச்சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. குமிழி மட்டும் வரவில்லை.

பிறகு அதைத் துடைத்தான். ஓர் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தான். சொல்யூஷன் தடவி, காயும்வரை வாயால் ஊதி, ஒட்டுப் போட்டு, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"முள்ளு எங்கடா?" என்றான் கண்டக்டர்.

"விழுந்திருக்கும்."

இன்ஜின் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நிஜமாகவே எங்கேயோ ஓட்டை இருந்திருக்கிறது, நல்லவேளை என்று நினைத்தான். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

இரண்டு ஊதல். கிளம்பினார்கள்.

கண்டக்டர் முதல் வளைவில் திரும்பி மறைந்தான். மெக்கானிக் முந்தவில்லை. பின்னாலேயே வந்தான்.

இரண்டாவது வளைவில் ரோடு நிமிர்ந்து நின்றது. கால்கள் மிதித்தன. மூச்சுதான் வரவில்லை. இடது தோள் கல்லாகக் கனத்தது. இறங்கிவிடலாம் என்றால் பின்னால் மெக்கானிக். டயர் பக்கம் குனியவும் வழியில்லை. அந்த மின்கம்பம் வரை என்று நினைத்தான். மின்கம்பம் வந்தது. அடுத்த கம்பம் வரை.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது.

இன்ஜினும் காலை ஊன்றினான். ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்து கிடந்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

மெக்கானிக் தன் சைக்கிளின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டிருந்தான். வால்வு மூடியைத் திருகி எடுத்து உதடுகளுக்கிடையே வைத்துக்கொண்டான். கட்டைவிரல் நகத்தை உள்ளே அழுத்தினான். அழுத்தியபடியே இன்ஜினைப் பார்த்தான்.

காற்று இறங்கி முடிய வெகுநேரம் ஆனது.

மெக்கானிக் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கத்தினான்.

"பஞ்சர்டா!"

வளைவுக்கு அப்பாலிருந்து ஓர் ஊதல் கேட்டது.

இன்ஜின் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச்சுவரில் உட்கார்ந்தான். மெக்கானிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பஞ்சர் ஒட்டுகிற சாமான் பை கேரியரிலேயே இருந்தது. அதை அவன் அவிழ்க்கவில்லை.

"ஆஸ்பத்திரியில என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?"