பற்றரி இறங்கிய இடத்திலிருந்து

கடைசிப் பகுதி தொடங்கியதும் கோபிசங்கர் கதிரையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சலரோகத்தில், இரத்தத்தில் சீனி கூடி, பார்வை போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் நல்ல படமென்றால் கிட்ட இருந்துதான் பார்க்க வேண்டுமாம்.

"ஒண்டையும் விடாமல் சொல்லு" என்றார் தங்கையிடம்.

உதயகலா சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இருவரும் பைத்தியமாய்ப் பார்த்த தொடரை இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். பேச்செல்லாம் தமிழிலேயே வந்தது. காட்சிகளை மட்டும் அவள் சொன்னால் போதும்.

விண்கப்பல் பளபளவென்று இருந்தது. பழைய கப்பல் மண்ணெண்ணெய் அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும்.

அது ஊரில் மின்சாரம் இல்லாத காலம். பக்கத்து வளவுக்காரர் உழவு இயந்திரத்துப் பற்றரியைக் கழற்றி வந்து, சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குக் கொழுவிவிடுவார். நாடகம் ஆங்கிலத்தில் ஓடும். அண்ணைதான் அவளுடைய காதுக்குள் தமிழில் சொல்லுவார்.

அன்றும் கடைசிப் பகுதிதான். வேற்றுக் கோளில் மாட்டிக்கொண்டவர்களின் கப்பல், ஒரு ஆள் குறைந்தால்தான் மேலே எழும்பும் என்ற நிலை. பொறியியலாளன் தான் நிற்பதாகச் சொல்லி இறங்கிவிட்டான். கப்பல் எழும்பியது.

அந்த இடத்தில் பற்றரி இறங்கிவிட்டது. படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். முடிவு தனக்குத் தெரியும், கொழும்பிலிருந்து வந்த பெடியன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் சொன்னவன் என்றார் அண்ணை. கப்பல் திரும்பி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனதாம்.

இத்தனை வருடமும் அவளுக்கு அதுதான் முடிவு.

வெள்ளிக்கிழமை அவள் கனடாவுக்குப் போகிறாள், கணவனிடம். அண்ணைக்கு அரியாலையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் எடுத்தாயிற்று. அவருடைய உடுப்புப் பை சுவரோரம் இருந்தது. அதைப் பற்றி இருவரும் அதிகம் கதைக்கவில்லை. கதைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரையில் பேச்சு நின்று இசை மட்டும் ஓடியது.

கப்பல் போய்விட்டது. பொறியியலாளன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். இருட்டியது, விடிந்தது, மறுபடி இருட்டியது. அவனுக்குத் தாடி வளர்ந்து நரைத்தும்விட்டது. வானத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன நடக்குது?"

"கப்பல் திரும்பி வருது, அண்ணை" என்றாள். "அவனை ஏத்துறாங்கள்."

அண்ணை சிரித்தார்.

"உது நீ அழுறாயெண்டு நான் வழியிலை கட்டிச் சொன்ன கதை. ஒரு பெடியனும் எனக்குச் சொல்லேல்லை. அங்கை உள்ளதைச் சொல்லு."

அவள் மறுபடி திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கப்பல் வரேல்லை."

"ஆள் என்ன செய்யிறான்? அழுறானோ?"

திரையில் அந்தக் கிழவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"இல்லை" என்றாள். "சும்மா இருக்கிறான்."

"பிறகென்ன" என்றார் அண்ணை. "வெள்ளிக்கிழமை வாகனம் எத்தினை மணிக்கு வரும்?"