தலைக்கு நேர் மேலே

சின்ன ரேடாருக்கு ஊர் மழையெல்லாம் தெரியும், தன் தலைக்கு நேர் மேலே இருப்பது மட்டும் தெரியாது. அதற்காகவே நகரத்து மொட்டைமாடிகளில் வரிசையாக ரேடார்களை வைத்து, ஒன்றின் உச்சியை இன்னொன்று பார்க்கும்படி செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் இணைக்கும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், பார்த்ததை ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொண்டார்கள்.

நூலக மாடியில் ரேடார் பார்ப்பவளுக்கு ஒரு விஷயம் தெரியும். வெயில் காயும் வானத்தில் ஒரு கட்டடத்தின் மேல் மட்டும் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றால், சாயங்காலத்துக்குள் அங்கே ரேடார் பார்ப்பவர் நாற்காலியிலேயே செத்துக் கிடப்பார். போன வாரம் அது மார்க்கெட் கட்டடத்தின் மேல் நின்றது. அங்கிருந்தவர் தன் தலைக்கு மேல் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, பளிச்சுனு இருக்கு. டீயைக் குடிங்க" என்றாள். அவர் எழுந்து ஓடிவிட்டால் புள்ளி வேறு ஆளைத் தேடி வந்துவிடுமோ என்று பயம்.

அவர் செத்த பிறகு அந்த வேலைக்கு அவருடைய தம்பியே வந்தான். அன்றைக்கு அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது, சாப்பாடு கொடுக்க வந்த இவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

இன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவள் வழக்கம்போல அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எங்க தலைக்கு மேல எப்படி இருக்கு?"

அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரொம்பப் பிரியமாகச் சொன்னான்.

"ஒண்ணுமில்லக்கா, பளிச்சுனு இருக்கு. டீயைக் குடிங்க."