அக்காவின் பேட்

ஆபீஸ் டேபிள் டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தபோது மச்சினன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“மாமா, அக்காவோட பேட்டைக் குடுங்க.”

“உன்னோடது என்னாச்சு?”

“அதை வெச்சு மூணு வருஷமா அந்தக் கேஷியர்கிட்ட தோத்துட்டேன். இந்தத் தடவையும் தோத்தா கேன்டீன் பக்கமே தலைகாட்ட முடியாது. அக்கா பேட் கையில இருந்தா பின்னிடுவேன்.”

என் மனைவி காலேஜ் சாம்பியன். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உள்ளே போய் ஒரு பேட்டை எடுத்து வந்து கொடுத்தேன்.

கேஷியரால் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. மூன்று செட்டும் மச்சினனுக்கே. ஒவ்வொரு செட் முடிந்ததும் பேட்டுக்கு ஒரு முத்தம்.

“அக்காவே என் கையைப் பிடிச்சு ஆடின மாதிரி இருந்துச்சு மாமா!” என்றான் கண்கலங்க.

நான் தலையாட்டினேன். அவளுடைய பேட் உறையோடு அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. இது சமையலறை சிங்குக்கு அடியில் கிடந்தது. அவள் கரப்பான்பூச்சி அடிக்க வைத்திருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் இன்னொரு முத்தம் கொடுத்துவிட்டான்.