ராஜா மகளுக்கு வேறு பேர்

ராஜா மறுபடியும் இருமினார்.

மடிக்கணினி விளையாட்டுக்குள்தான். என்றாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒலியைக் குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவளுக்கும் புருஷனுக்கும் நடுவில் ஒரு தட்டு வேகவைத்த கடலை.

விளையாட்டில் போர் அவன் பொறுப்பு. அரண்மனை அவள் பொறுப்பு.

ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் கண்ணை மூடியதும் அண்ணன் மகன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் படையோடு கிளம்பிவிடுவார்கள். பார்த்துப் பார்த்துக் கட்டிய நாடு.

"வடக்குக் கோட்டைய இப்பவே பிடிச்சுப் போடலாம். பெரியவன் அடங்கிருவான்."

"சின்னவங்கிட்ட யானை இருக்குதுங்க. அவன் உங்க சித்தப்பாவாட்ட. சிரிச்சுக்கிட்டே வரப்பை நகத்துவான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப சின்னவனுக்கே பட்டங்கட்டு."

"பெரியவன் சும்மா இருப்பானாக்கும்?"

"அதுக்குத்தான் கோட்டையப் பிடிக்கலாங்கறேன்."

"பிடிச்சு? உள்ள உக்கார நமக்கு யாரிருக்கா?"

ராஜாவுக்காகத்தான் சொன்னாள்.

சொன்ன பிறகு இருவர் கையும் தட்டுக்குப் போகவில்லை.

குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்ததை நிறுத்திய பிறகுதான் இந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. பேசுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

திரையின் ஓரத்தில், கஜானாவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு தொட்டில் படம். அது எதற்கென்று இருவருக்கும் தெரியும். எத்தனையோ ராஜாக்கள் வந்து போயும், இருவரும் அதைத் தொட்டதில்லை.

அவன் அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான்.

"தத்து எடுத்துக்கலாமா?"

அந்த வார்த்தை இந்த வீட்டில் இதுவரை யார் வாயிலும் வந்ததில்லை.

"ராஜாவுக்குங்களா?"

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ராஜாவுக்கும்."

ராஜா இருமினார். இந்த முறை இருவருக்குமே கேட்கவில்லை.

அவள் அவன் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

தொட்டில் ஆடியது. பெண் குழந்தை. பெயர் கேட்டு ஒரு கட்டம் விரிந்தது.

அவன் தட்டத் தொடங்கினான். ந. று. மு.

கல்யாணமான புதிதில், ஈரோட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே இருவரும் பேசி வைத்த பெயர். நறுமுகை.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாமுங்க. ராஜா மகளுக்கு வேற பேர் வெச்சுக்கலாம்."

மணிக்கட்டை விடவில்லை.

"அதப் பதனமா எடுத்து வைங்க."

அவன் மு-வை அழித்தான். று-வை அழித்தான்.

ந-வை மட்டும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.