டிரெவர் எழுதிய கடைசி வரி

“தண்ணி அப்புறம் குடிக்கறேன். முதல்ல அந்த நோட்டைக் குடுங்க.”

சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு ரோண்டா இப்படிக் கேட்டதும் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த கேன்ஸஸ் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில், சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சோறும் படுக்கையும் கொடுத்து வருபவள் அவள். வெயிலில் எண்பது மைல் மிதித்து வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர், அடுத்தது கக்கூஸ். தங்கிப் போகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டை இப்படி யாரும் கேட்டதில்லை.

“நோட்டு எங்கயும் ஓடிப் போயிடாது, கண்ணு. உக்காரு. மூஞ்சி தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு. இந்த வயசுல யாரு உன்னை சைக்கிள் ஏறச் சொன்னது?”

“என் பையன் ஆரம்பிச்சது. நான் முடிக்கறேன். டிரெவர்னு பேரு, போன ஜூன்ல இங்க தங்கினான்.”

வெர்னாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரோண்டா போட்டிருந்த மஞ்சள் சட்டையை அப்போதுதான் கவனித்தாள். குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு நிதி திரட்ட டிரெவர் போட்டு வந்த அதே சட்டை, அவள் உடம்புக்கு ரெண்டு சுற்றுப் பெரிசு.

மறக்கிற முகமா அது! அமெரிக்காவைக் குறுக்கே தாண்டுவதற்காக அட்லாண்டிக் கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டு, பசிபிக் கடலில் முன்சக்கரத்தை நனைக்கக் கிளம்பிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. இங்கே படுத்தெழுந்து போனவன், பதினாலாவது மைலில் கோதுமை ஏற்றி வந்த லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

“ஐயோ, அவன் அம்மாவா நீ!” வெர்னா அவளை வியர்வையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கறியும் முட்டைக்கோஸும் வைத்துச் சுட்ட பன் இரண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். ரோண்டா ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தாள்.

“உங்க மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் ஒரு நோட்டு வெச்சிருக்காங்க. வர்ஜீனியாலேருந்து ஒண்ணு விடாம அவன் எழுதினதைப் படிச்சுக்கிட்டே வர்றேன். கென்டக்கியில என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ‘நாய் துரத்துச்சு. நாய்தான் ஜெயிச்சுது.’ மிசௌரியில, ‘இந்த மேட்டையெல்லாம் படைச்சவரை நேர்ல பாத்தா நாலு வார்த்தை கேக்கணும்.’”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரோண்டாதான் முதலில் நிறுத்தினாள்.

“எதையும் முடிச்சதே இல்லைங்க அவன். காலேஜ் பாதி, தச்சுவேலை பாதி, கித்தார் கிளாஸ் நாலே நாள். இதுலதான் இவ்வளவு தூரம் வந்தான். இதுதான் கடைசி நோட்டு. என்ன எழுதிட்டுப் போனான்னு பாத்துடணும்.”

அதற்கு மேல் காக்கவைக்க வெர்னாவுக்கு மனசு வரவில்லை. போன வருஷத்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவள் மடியிலேயே வைத்தாள்.

‘எதிர்காற்று. முழங்கால் வீங்கிவிட்டது. வெர்னாவின் பன் பிரமாதம். காலையில் கிளம்புகிறேன்.’

அவ்வளவுதான். ரோண்டா விரல் வைத்து மூன்று தடவை படித்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், அங்கே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்.

“வேற எதுவும் எழுதலையா?”

“என்னம்மா எதிர்பாத்தே?”

ரோண்டா மறுபடியும் முதல் வரியிலிருந்து விரலை ஓட்டினாள். பெற்றவள் இப்படி வெறும் நாலு வரியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தாங்கும்? ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் வெர்னாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“உன்கிட்ட சொல்லாம இருக்க முடியலை, கண்ணு. அவன் மேற்கொண்டு போறதாவே இல்லை. ‘இனி முடியாது வெர்னா, நாளைக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடறேன்’னு பையெல்லாம் கட்டிட்டான். பஸ் நிக்கிற ஊருக்கு நானே கார்ல கொண்டு விடறேன்னு சொல்லியிருந்தேன்.”

ரோண்டா நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்கதான் செல்போன் எடுக்காதே. அதோ, அந்தச் சுவத்துப் போன்ல யார்கிட்டயோ பேசினான். பேசிட்டு வந்தா கண்ணு ரெண்டும் கோவைப்பழம். நான் கேட்டதுக்கு வாயே திறக்கலை. கட்டின பையைப் பிரிச்சு வெச்சுட்டு, முழங்காலுக்கு ஐஸ் இருக்கான்னு மட்டும் கேட்டான்.”

ரோண்டா நோட்டை மெதுவாக மூடினாள்.

“எவளோ காதலிச்ச பொண்ணாத்தான் இருக்கும். ‘வந்துடுடா’ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை இன்னிக்கு உயிரோட இருப்பான். என்ன சொல்லித் தொலைச்சாளோ பாவி! அவ நல்லா இருப்பாளா?”

ரோண்டா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு இல்லைங்க, நான்தான். ‘இதையும் பாதியில விட்டுட்டு வந்தா என் மூஞ்சியில முழிக்காதே’ன்னேன்.”